இறால் இழுவலை சட்ட அளவுக்குள் இருக்கிறதா? கரையிலேயே அளந்து பார்க்கும் முறை

வலைக்கடைச் சீட்டில் 40 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பதால் மட்டும் ஓர் இழுவலை சட்டப்படி சரியானதாகிவிடாது. வாங்கிய நாளில் சரியாக இருந்த கண்ணி, சில மாதங்கள் கடலடியில் இழுபட்டபின் முடிச்சுகள் இறுகிக் குறுகியிருக்கலாம். கிழிந்த இடத்தில் கையில் கிடைத்த வேறு வலைத்துண்டை வைத்து யாரோ பொத்தியிருக்கலாம். பழைய பைக்குள் இன்னொரு சிறுகண்ணிப் பை ஒளிந்திருக்கலாம். அதிகாரி படகில் ஏறும்போது பார்ப்பது சீட்டை அல்ல, அன்று அந்த வலை இருக்கும் நிலையை. ஆகவே இறால் இழுவலையின் ஒவ்வொரு பகுதியையும் சட்டம் எப்படி அளக்கிறதோ அதே முறையில் கரையிலேயே அளந்து பார்ப்பது எப்படி என்பதை, தமிழ்நாட்டு விசைப்படகு உரிமையாளர்களையும் வலை கட்டுபவர்களையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன். அமெரிக்க விதிகளும் இடையில் வரும். அந்நாடு நம் கடல் இறாலை வாங்குமா என்பதை ஆமையை வெளியேற்ற நம் வலைக்குள் வைக்கும் ஒரு கம்பிவளையம் தீர்மானிப்பதே அதற்குக் காரணம்.

அளப்பதற்குத் தேவையானவை அதிகமில்லை. மில்லிமீட்டர் குறியிட்ட எஃகு நாடா, தடிமன் குறைந்து கூர்மையாகும் ஒரு தட்டைப் பலகை அல்லது ஆப்பு, தூக்குக்குண்டு, பாகைமானி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். வலையை நனைத்துக்கொள்ள வேண்டும். நைலான் இழை காய்ந்த நிலையில் ஓர் அளவும் நனைந்த நிலையில் ஓர் அளவும் காட்டும் என்பதால், காய்ந்த வலையை அளந்து நிம்மதி அடைவதில் பயனில்லை.

படகும் இடமும்

வலையை அவிழ்ப்பதற்கு முன் படகைப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டு வந்தது. அச்சட்டமும் அதன்கீழ் அமைந்த விதிகளும்தான் இக்கரையில் இழுவலைக்கு எல்லை வகுப்பவை. விதிகளில் 2020ஆம் ஆண்டு பெரிய திருத்தங்கள் செய்யப்பட்டன. இன்றைய நிலையில் விசைப்படகின் நீளம் 24 மீட்டரையும், எஞ்சினின் திறன் 240 குதிரைத்திறனையும் தாண்டக்கூடாது. எஞ்சின் மாற்றியவர்கள் பதிவுச் சான்றில் இருக்கும் திறனையும் எஞ்சின் தகட்டில் பொறித்திருக்கும் திறனையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டும் பொருந்தாத படகுகள் எல்லாத் துறைமுகங்களிலும் இருக்கின்றன என்பது யாரும் அறியாத இரகசியம் அல்ல.

இதில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் தன் உள்நாட்டு நீர்ப்பரப்பில் இறால் இழுவலையின் வாயையே அளக்கிறது. ஒரே வலை என்றால் மிதவைக் கயிற்றின் நீளம் 50 அடிக்குள், இரண்டு வலை என்றால் ஒவ்வொன்றும் 25 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் விதிகள் படகின் நீளத்தையும் எஞ்சினின் பலத்தையும் கட்டுப்படுத்தி, அதன் வழியாக வலையின் அளவைக் கட்டுப்படுத்த முயல்கின்றன. வாயை அளப்பது ஒரு நாடாவால் முடிகிற வேலை. எஞ்சினின் உண்மையான திறனை அளப்பது அப்படி அல்ல. நம் விதியை நடைமுறைப்படுத்துவது ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடத்தைப் பொறுத்தவரை, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது. அப்பரப்பு நாட்டுப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் உரியது. ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில், முட்டையிடும் கரைகளை ஒட்டிய கடலில் இந்த எல்லை 5 கடல் மைலாக விரிகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்களும் தடைக்காலம். ஜி.பி.எஸ். கருவியில் இந்த எல்லைக் கோடுகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால், இரவில் வலைவாயை விரிக்கும் இழுபலகையை இறக்கும்போது டிரைவர் ஊகத்தை நம்ப வேண்டியிருக்காது.

கண்ணியை அளப்பது

இழுவலையின் இறக்கைப் பகுதியிலும் உடற்பகுதியிலும் கண்ணி பெரிதாகவே இருக்கும். மீனும் இறாலும் வந்து சேரும் கடைசிப் பையைத்தான் சட்டம் பார்க்கிறது. எது தப்பும், எது தப்பாது என்பது அந்தப் பையில்தான் முடிவாகிறது. தமிழ்நாட்டில் இழுவலையின் இந்தக் கடைசி மடிப்பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

கண்ணி அளவைச் சொல்வதில் இரண்டு வழக்கங்கள் இருப்பதுதான் குழப்பங்களின் தொடக்கம். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை உள்ள ஒரு பக்கத்தை மட்டும் அளப்பது ஒன்று. கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிராக நிற்கும் இரு முடிச்சுகளுக்கு இடையே அளப்பது மற்றொன்று. இரண்டாவது அளவு முதலாவதைப் போல் இருமடங்கு வரும். லூசியானா விதி இந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்காமல், ஒரு பக்கம் ஐந்தெட்டு அங்குலம் அல்லது இழுத்த அளவு ஒன்றேகால் அங்குலம் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. நம் ஊரில் வலை வாங்குபவர் 40 என்று கேட்டு, விற்பவர் 40 என்று கொடுத்து, இருவரும் வெவ்வேறு அளவை மனத்தில் வைத்திருந்த கதைகள் உண்டு. வலை வாங்கும்போது எந்த வழக்கப்படி அந்த எண் சொல்லப்படுகிறது என்பதைக் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது. மீன்வள அறிவியலில் பையின் கண்ணி அளவு என்று பொதுவாகக் குறிக்கப்படுவது இழுத்த அளவையே.

இழுத்த அளவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முடிச்சின் நடுவிலிருந்து எதிர்முடிச்சின் நடுவரை அளந்தால் ஒரு முடிச்சின் தடிமனும் கணக்கில் சேர்ந்துவிடும். மீன் நுழைந்து தப்புவது முடிச்சின் உடம்பு வழியாக அல்ல, இரு முடிச்சுகளுக்கு இடையே உள்ள திறப்பின் வழியாகத்தான். ஆகவே ஒரு முடிச்சின் உட்பக்கத்திலிருந்து எதிர்முடிச்சின் உட்பக்கம் வரை அளக்க வேண்டும். தடித்த இழையில் கட்டிய பையில் இந்த வேறுபாடு 3 அல்லது 4 மில்லிமீட்டர் வரை போகக்கூடும். 40 என்று நம்பிய கண்ணி 36 ஆக நிற்பது இப்படித்தான்.

அளக்கும் முறை இது. நனைத்த பையைத் தரையில் நீளவாக்கில் விரித்து, இருவர் இரு முனைகளையும் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பையை இறுக்கும் கயிற்றின் அருகிலும், ஓரத் தையல்களின் அருகிலும் கண்ணிகள் நெரிந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, நடுப்பகுதியில் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வரும் 20 கண்ணிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆப்பை ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் கையின் இயல்பான பலத்தோடு செருகி, அது நிற்கும் இடத்தின் அகலத்தைக் குறியுங்கள். சுத்தியலால் அடித்துச் செருகினால் எந்தக் கண்ணியும் 40 காட்டும். இருபது அளவுகளின் சராசரியை எடுங்கள். பையின் மேற்பாதியில் ஒருமுறையும் கீழ்ப்பாதியில் ஒருமுறையும் இதைச் செய்வது அவசியம், ஏனெனில் தரையில் உரசும் கீழ்ப்பாதியைத்தான் அடிக்கடி பொத்துகிறோம். பொத்திய துண்டுகள் எந்தக் கண்ணியில் இருக்கின்றன என்பது பல நேரங்களில் பொத்தியவருக்கே நினைவிருக்காது. சராசரி சரியாக 40இல் நிற்கும் பையை நான் சரியான பை என்று எண்ணமாட்டேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும் பைதான் அடுத்த தடைக்காலம் வரை தாங்கும்.

கண்ணியின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. வழக்கமான பையில் கண்ணி சாய்சதுர வடிவில் நிற்கிறது. வலை இழுபடும்போது, பின்னால் சேரும் மீனின் கனம் பையை நீளவாக்கில் இழுக்க, ஒவ்வொரு கண்ணியும் கீற்றுப்போல் ஒடுங்கிவிடுகிறது. கரையில் 40 மில்லிமீட்டர் காட்டிய திறப்பு, கடலடியில் ஒரு சிறுமீன்கூட நுழைய முடியாத கோடாகிவிடும். அதே வலையை 45 பாகை திருப்பி வெட்டித் தைத்தால், கண்ணியின் இரு பக்கங்கள் இழுக்கும் திசையிலும் மற்ற இரண்டு அதற்குக் குறுக்காகவும் நிற்கும். இதுவே சதுரக்கண்ணிப் பை. இழுவிசை நேராக நிற்கும் பக்கங்களில் மட்டும் விழுவதால் திறப்பு மூடுவதில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நெடுநாளாகப் பரிந்துரைத்து வருவது இந்த வகைப் பையைத்தான். கேரளம் தன் விதிகளில் இதை எழுதியே வைத்திருக்கிறது: அங்கே சதுரக்கண்ணியில் இறால் இழுவலைக்கு 25 மில்லிமீட்டரும் மீன் இழுவலைக்கு 35 மில்லிமீட்டரும் குறைந்தபட்ச அளவு.

கன்னியாகுமரி மாவட்டப் படகுகள் கொல்லத்திலும் கொச்சியிலும் தங்கித் தொழில் செய்வதால் இந்த வேறுபாடு அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். எந்த மாநிலக் கடலில் வலை இறங்குகிறதோ அந்த மாநில விதிதான் செல்லும். கேரளத்தில் சரியாக இருக்கும் ஒரு பை தமிழ்நாட்டுக் கடலில் தவறாகலாம். இரண்டு இடங்களிலும் தொழில் செய்பவர்கள் இரண்டு பைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அழியாத மையில் மாநிலத்தின் பெயரை எழுதித் தொங்கவிடுவதே எளிது.

கடைசியாகப் பைக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெளியே 40 மில்லிமீட்டர் கண்ணியும் உள்ளே 15 மில்லிமீட்டர் கண்ணியுமாக இரட்டைப் பை வைத்திருப்பது, அளவுக்குக் குறைவான கண்ணி வைத்திருப்பதற்குச் சமம்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு 40 மில்லிமீட்டர் பைகளும் கண்ணிகள் ஒன்றையொன்று மறைப்பதால் சிறுகண்ணியாகவே வேலை செய்யும். பை கிழியும் என்ற அச்சத்தில் இரட்டைப் பை போடுபவர்கள், தரையில் உரசும் கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் தனிக் காப்புத் துண்டைப் பெரிய கண்ணியில் தொங்கவிடலாம். கழிசலாகக் கோழித்தீவனத்துக்குப் போகும் குஞ்சுமீன் கூடையைப் பார்த்தாலே, எந்தப் படகில் எத்தகைய பை இருக்கிறது என்பது ஏலக்கூடத்தில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆமை விலக்குக் கருவியை அளப்பது

தமிழ்நாட்டுக் கரைக்குப் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) வரும் மாதங்களும் இறால் இழுவை நடக்கும் மாதங்களும் ஒன்றோடொன்று மேற்படுகின்றன. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. மூச்சுக்கு அது மேலே வந்தாக வேண்டும். மடிக்குள் அகப்பட்டு மணிக்கணக்கில் இழுபடும் ஆமை மூச்சுமுட்டி இறக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கடலாமைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைக் கொல்வதற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

இதற்கான கருவி எளிமையானது. வலையின் உடலுக்கும் கடைசிப் பைக்கும் நடுவே ஒரு கம்பிவளையத்தைச் சாய்வாகத் தைக்கிறார்கள். இறாலும் சிறுமீனும் கம்பிகளுக்கு இடையே புகுந்து பைக்குப் போய்விடும்; ஆமை கம்பியில் மோதி, சாய்வின் வழியே வழுக்கி, வலையில் வெட்டிய ஒரு வாசல் வழியாக வெளியேறும். மேல்வாசல் கருவி என்றால் வளையத்தின் அடி முன்னால் வலைவாயை நோக்கியும், தலை பின்னால் பையை நோக்கியும் சாய்ந்திருக்கும். (மரச்சட்டம், கம்பிச்சட்டம் என்ற பொருளிலும் சட்டம் என்ற சொல் தமிழில் வழங்குகிறது. குழப்பத்தைத் தவிர்க்கவே இங்கே வளையம் என்கிறேன்.)

இக்கருவியின் பிறப்பு பலரும் நினைப்பது போன்றது அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சிங்கி பூன் என்ற இறால் மீனவர் இத்தகைய கம்பிவளையத்தை அமைத்தது, மடியை நிரப்பி அடைத்த சொறிமீன்களை (ஜெல்லி மீன்களை) வெளியே தள்ளுவதற்காகத்தான். ஆமைக்காக அரசு அதை எடுத்துக்கொண்டது பின்னால். கருவி வைத்தால் இறால் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான், ஏனெனில் நம் கடலிலும் சொறிமீன் திரளும் காலத்தில் மடியைத் தூக்க முடியாமல் பையை அறுத்துவிட்டு வந்த படகுகள் இருக்கின்றன.

1987இல் அமெரிக்க அரசு தன் இறால் படகுகளுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கும் விதிகளை வெளியிட்டது. 1989இல் இயற்றிய ஒரு சட்டத்தின் 609ஆம் பிரிவு, ஆமையைக் காக்கும் முறை இல்லாத நாடுகளிலிருந்து கடலில் பிடித்த இறாலை வாங்கக்கூடாது என்றது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் இதை உலக வர்த்தக அமைப்பில் எதிர்த்தன. 1998இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அமெரிக்கா அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய விதம் பாரபட்சமானது என்றது. ஆனால் ஆமையைக் காக்கும் நோக்கத்தைத் தவறு என்று சொல்லவில்லை. சட்டம் நிலைத்தது. 2018–19 வாக்கிலிருந்து இந்தியக் கடல் இறாலுக்கு அந்தச் சந்தை மூடப்பட்டது. பண்ணையில் வளரும் வனாமி இறாலுக்கு இத்தடை பொருந்தாது. இதனால் ஏற்றுமதிக் கணக்கில் இந்த அடி பெரிதாகத் தெரியவில்லை. கடலில் பிடிப்பவருக்கு மட்டும் வாங்க வருபவர்கள் குறைந்தார்கள்.

அளவுகளுக்கு வருவோம். அமெரிக்க விதியில் நான்கு எண்கள் முக்கியமானவை.

முதலாவது கம்பிகளுக்கு இடையேயான இடைவெளி. அது 4 அங்குலத்தை, அதாவது 102 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கடைசிக் கம்பிக்கும் வளையத்தின் விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளிக்கும் இதே எல்லைதான் என்பதைப் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கொச்சி நிறுவனம் முன்பு வடிவமைத்துப் பரப்பிய இந்தியக் கருவியில் இந்த இடைவெளி 142 மில்லிமீட்டர். இறால் இழப்பைக் குறைக்கவும் பெரிய மீன்கள் பைக்குப் போகவும் நம் கடலுக்கு ஏற்ப அகலமாக வைத்த அளவு அது. ஆனால் அமெரிக்க நாடாவில் தேறாது. ஏற்றுமதியை எதிர்பார்ப்பவர் பழைய கருவி கையில் இருந்தால் முதலில் இதைத்தான் அளக்க வேண்டும். வளைந்த கம்பிகள் இருந்தால் மிக அகன்ற இடத்தின் அளவே கணக்கு.

இரண்டாவது வளையத்தின் அளவும் கம்பியின் தடிமனும். வளையத்தின் வெளிப்புற உயரமும் அகலமும் குறைந்தது 32 அங்குலம், சுமார் 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். திண்மமான எஃகுக் கம்பி என்றால் கால் அங்குல விட்டமும், அலுமினியம் அல்லது கண்ணாடி இழைக் கம்பி என்றால் அரை அங்குல விட்டமும் குறைந்தபட்சம்.

மூன்றாவது சாய்வு. நீர் ஓடும் திசைக்கும் கம்பிகளுக்கும் இடையே உள்ள கோணம் 30 பாகைக்குக் குறையாமலும் 55 பாகைக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மிகச் செங்குத்தாக நின்றால் ஆமை வழுக்காமல் கம்பியோடு அழுந்தி நிற்கும். குப்பையும் அங்கேயே தேங்கும். மிகப் படுத்துவிட்டால் இறால் வாசல் வழியே போகும். இதை அளக்க, படகின் தூக்குமரத்தில் கப்பி போட்டு, கருவி தைத்த பகுதியை நேராகத் தொங்கவிட வேண்டும். இப்போது வலையின் போக்கு செங்குத்தாக நிற்கிறது. அருகில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள கோணத்தைப் பாகைமானியில் படித்தால் அதுவே கருவியின் சாய்வு. தொங்கவிட இடமில்லாதவர்களுக்கு நாடாவே போதும். வலையை நேராக இழுத்து வைத்து, வளையத்தின் அடி தைத்த இடத்துக்கும் தலை தைத்த இடத்துக்கும் உள்ள தூரத்தை வலையின் நீளப்போக்கிலேயே அளக்க வேண்டும். வளையத்தின் உயரம் 100 சென்டிமீட்டர் என்றால் இந்தத் தூரம் 58க்கும் 86க்கும் இடையே விழ வேண்டும். 71 விழுந்தால் சாய்வு 45 பாகை. உயரம் 81 சென்டிமீட்டரானால் 47க்கும் 70க்கும் இடையே. தைத்த புதிதில் சரியாக இருந்த கோணம், வலை இழுபட்டு நீளும்போது மாறிவிடும் என்பதால் இதை ஒருமுறை அளந்துவிட்டு மறந்துவிடக்கூடாது.

நான்காவது வாசல். முன்பு சிறிய வாசலை ஏற்றிருந்தார்கள். ஏழுவரி ஆமை போன்ற பெரிய ஆமைகள் அதில் சிக்கியதால் 2003இல் அளவைப் பெருக்கினார்கள். ஒற்றை மூடி (வாசலை மறைக்கும் வலைத்துண்டு) உள்ள பெருவாசலை இழுத்துப் பிடித்தால் 71 அங்குலம், அதாவது சுமார் 180 சென்டிமீட்டர் வர வேண்டும். இரட்டை மூடி வைத்த வாசலுக்கு 56 அங்குலம், சுமார் 142 சென்டிமீட்டர். அந்த இரு மூடிகளும் ஒன்றன்மேல் ஒன்று 15 அங்குலத்துக்கு மேல் படியக்கூடாது. மூடி, வளையத்தின் பின்விளிம்பைத் தாண்டி 24 அங்குலத்துக்கு மேல் நீளக்கூடாது. இதில் நடக்கும் தவறுகள் அளவைவிட நடைமுறையில்தான் அதிகம்: இறால் போகிறது என்று மூடியின் ஓரத்தை இரண்டு தையல் போட்டு இறுக்குவது, கம்பியைக் கயிற்றால் கட்டி மூடுவது ஆகியவை. கரையில் படுத்த நிலையில் மூடியைக் கையால் தூக்கிப் பார்த்து, தடையின்றித் திறக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

வாசல் கீழ்ப்பக்கம் வைத்த கருவியானால் வளையத்தின் மேற்பாதியில் மிதவை கட்டாயம். இல்லாவிட்டால் கருவி தரையில் உட்கார்ந்து வாசலை அடைத்துவிடும். மிதவையை மூடியில் கட்டக்கூடாது.

சிறு சோதனை வலை போன்ற சிலவற்றுக்கு அமெரிக்கா இக்கருவியிலிருந்து விலக்கு அளிக்கிறது. விலக்குப் பெற்ற சில வகை வலைகளுக்குக் கருவிக்குப் பதிலாக நேர எல்லை உண்டு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் இழுவை 55 நிமிடம், நவம்பர் முதல் மார்ச் வரை 75 நிமிடம். நம் படகுகளில் ஓர் இழுவை மூன்று மணி நேரம் வரைகூடப் போவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கருவி கிழிந்தோ வளைந்தோ போன நாளில் மீதி இழுவைகளை இந்த எல்லைக்குள் முடிப்பது ஆமையைக் காக்க உதவும்.

மடியில் ஆமை அசையாமல் வந்தால் இறந்துவிட்டது என்று உடனே கடலில் எறியக்கூடாது. பின்னுடல் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும்படி, வயிறு கீழாகக் கிடத்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி, குறைந்தது 4 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து அது மீள வாய்ப்புண்டு. விடும்போது எஞ்சினை நியூட்ரலில் வைத்து, வலை நீரில் இல்லாத நேரத்தில், படகின் பின்பக்கம் மெதுவாக இறக்க வேண்டும்.

அளவே கேட்காமல் தடைசெய்யப்பட்டவை

இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி தமிழ்நாட்டில் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அதற்குக் கண்ணி அளவு சரியாக இருப்பது எந்தப் பயனையும் தராது. படகில் அவ்வலை இருந்தாலே சிக்கல் என்பதால், பழைய வலையைக் கூடத்தின் ஓரத்தில் போட்டு வைத்திருப்பவர்கள் அதை அகற்றிவிடுவது நல்லது. சுருக்குவலைக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த இடைக்கால அனுமதி, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்ற நிபந்தனைகளோடு வந்தது. இறால் இழுவலைக்காரர்களில் சிலர் அந்த ஆணை தங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய கடலில் எந்த இழுவலைக்கும் இடமில்லை.

பாக் நீரிணையில் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் எண் திருத்தச் சட்டத்தின் வழியாகத் தன் கடலில் அடிமட்ட இழுவலையையே தடை செய்துவிட்டது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் பலமடங்கு உயர்த்தியது. எல்லைக்கோட்டைத் தாண்டும் படகு தமிழ்நாட்டு அளவுகள் அத்தனைக்கும் பொருந்திய வலையை வைத்திருந்தாலும், அங்கே அந்த வலையே குற்றப்பொருள். முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தமிழ் மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த தடை அது என்பதையும் இக்கரையில் இருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

எப்போது, எப்படிப் பதிவது

தடைக்காலத்தின் கடைசி இரு வாரங்களே இந்த வேலைக்கு உகந்தவை, ஏனெனில் அப்போது வலைகள் கரையில் விரிந்து கிடக்கின்றன, பொத்துபவர்களும் கூடத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பைக்கும் ஓர் எண் கொடுத்து, குறிப்பேட்டில் அந்த எண், அளந்த தேதி, இருபது கண்ணிகளின் சராசரி, எந்த இடத்தில் பொத்தியது ஆகியவற்றை எழுதுங்கள். கருவிக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, இடைவெளி, சாய்வு, வாசலின் அகலம் மூன்றையும் பதியுங்கள். நாடாவை வைத்தபடியே அலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், அதிகாரியோடு நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். விதிமீறலில் சிக்கி மானிய டீசல் நிறுத்தப்பட்ட படகுக்காரர் அலுவலகத்துக்கு நடந்து தேயும் நாட்களோடு ஒப்பிட்டால், ஒரு வலைக்கு இந்த வேலை அரை நாளுக்கு மேல் ஆகாது.

பருவத்தின் நடுவில் மாதம் ஒருமுறை கண்ணியையும், இரு வாரத்துக்கு ஒருமுறை கருவியின் சாய்வையும் மறுபடி அளந்தால் போதும். பாறையில் சிக்கி வலை கிழிந்த பயணத்துக்குப் பிறகும், இழுபலகையையோ எஞ்சினையோ மாற்றிய பிறகும், மாதக் கணக்கைப் பாராமல் உடனே அளக்க வேண்டும்.